ஃப்ரீயாகத்தான் வேலை செய்கிறோம்

என் இங்கிலீஷ் மேல் எனக்கு அந்த நாளில் அசாத்திய நம்பிக்கை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், உரக்கடை மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் டீச்சராக இருந்தேன். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். காலத்தோடு ஒத்துப்போக வேண்டுமே என்று போர்டில் 'கம்ப்யூட்டர்' என்ற சொல்லையும் சேர்த்து எழுதியிருந்தோம். இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்குப் பூப்போட்ட டவல் போர்த்தி, செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் கிட்டே வர வேண்டும் என்று நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன். டைப்பிங் போக, ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பும் என் தலையில்தான். என் இங்கிலீஷை அதுவரை யாரும் திருத்தியதில்லை. திருத்தத் தெரிந்தவர் யாரும் அந்த மாடிப்படி ஏறியதில்லை என்பது வேறு விஷயம்.

அதனால்தான் வந்தவாசி ரோட்டில் ரைஸ் மில் வைத்திருந்த முதலாளி மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, "டெல்லியிலர்ந்து ஒரு மேடம் வராங்களாம் டீச்சர். தமிழ் தெரியாதாம். நீ வந்து நடுவுல நின்னு பேசணும்" என்றபோது யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். அவருடைய மகள் என்னிடம் டைப்பிங் படித்துக்கொண்டிருந்தாள். லோயரில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறையும் ஆவாள் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்தக் குறுகுறுப்பும் ஒரு காரணம்.

"எதுக்கு அண்ணே வராங்க?" என்று கேட்டேன்.

"அத்த ஏன் கேக்கற. அரிசியில கல்லு கீதான்னு கேட்டா ஒரு நாயம். கருப்பு அரிசி கீதான்னு கேட்டாலும் நாயம். நெல்லு அவிச்சவன் மனசாரதான் அவிச்சானான்னு கேக்கறாங்களாம். பேஜார் புடிச்ச வேலை."

அவருடைய மில்லில் நெல்லை அவித்து, களத்தில் காயவைத்து, அரைத்துச் சென்னையில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்கு அனுப்புவார்கள். கம்பெனி அதைப் பளபளப்பான பையில் போட்டுக் கப்பல் ஏற்றும். வெளிநாட்டில் அந்தப் பையை வாங்கி விற்கிற கடைக்காரர்களுக்கு, தாங்கள் விற்கிற அரிசியில் யாருடைய அடிமை வேலையாவது கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகம் கடல் தாண்டிக் கம்பெனிக்கு வந்து, அங்கிருந்து வந்தவாசி ரோட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

அந்த ஒரு வாரம் மில் கல்யாண வீடு மாதிரி இருந்தது. சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு. தொழிலாளிகளுக்குக் கையுறை. பெட்டியில் இடது கை உறைகள் மட்டும் வந்திருந்ததால், எல்லாரும் வலது கையிலும் இடது கை உறையைப் போட்டுக்கொண்டு கட்டைவிரலை எங்கே வைப்பதென்று தெரியாமல் திண்டாடினார்கள். முதலுதவிப் பெட்டிக்குள் ஒரு தைல பாட்டிலும் மேஸ்திரியின் பீடிக்கட்டும் இருந்தன. குழந்தைத் தொழிலாளர் இங்கே இல்லை என்று இங்கிலீஷில் எழுதச் சொன்ன இடத்தில், பெயிண்டர் ஒரு 'எல்'லும் ஒரு 'இ'யும் கூடுதலாகப் போட்டு, 'சைல்டு' என்பதைச் 'சில்டு' ஆக்கிவிட்டார். குளிரூட்டப்பட்ட தொழிலாளர் யாரும் இங்கே இல்லை என்று பொருள் வந்தது. அந்தக் களத்து வெயிலில் நின்று படித்தால் அதுவும் உண்மைதான். நிஜக் குழந்தைகளை முறுக்குப் பொட்டலத்தோடு ஏரிக்கரைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மில்லில் வேலை செய்தவை நாலு இருளர் குடும்பங்கள். பின்பக்கம் உமிக் குவியலை ஒட்டி அவர்களுடைய குடிசைகள். அதே ரோட்டில் நான் எத்தனையோ வருஷம் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன். அவர்களில் ஒரு குடும்பமாவது சேர்ந்து வெளியே போய்ப் பார்த்ததில்லை என்பது எனக்கு ஒரு நாளும் உறைத்ததில்லை. பார்க்காததை எப்படிக் கவனிப்பது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டேன்.

மேடம் வாடகைக் காரில் வந்து இறங்கினார். ஐம்பது வயசு, காட்டன் புடவை, அதற்குக் கீழே கான்வாஸ் ஷூ, கையில் கிளிப் போட்ட அட்டையில் கத்தைப் படிவம். வணக்கம் சொன்ன கையோடு, டாய்லெட் எங்கே இருக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டார். நான் அப்படியே சொன்னேன். முதலாளி பதறிப்போனார். "ஐயோ பாவம், எவ்ளோ தூரத்துலர்ந்து வராங்க" என்று மில்லை ஒட்டியிருந்த தன் வீட்டுக்கு ஓடினார். அவருடைய மனைவி புது சோப்பைப் பிரித்து வைத்து, பீரோவிலிருந்து புது டவல் எடுத்து மாட்டினார். மேடம் அந்தக் குளியலறை வாசலில் நின்று சோப்பைப் பார்த்தார், டவலைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் படிவத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். அவர் கேட்டது தொழிலாளிகளின் கழிப்பறை. அது அங்கே இல்லவே இல்லை.

முதலாளிக்கு அடுத்த கவலை ஊர்ப் பெருமை. "ஆயிரம் வருசத்துக்கு முன்னாலயே ஓலையில பேரு எழுதிக் குடத்துல போட்டு எலெக்‌ஷன் நடத்தின ஊரு இது, கோயில் கல்லுலயே வெட்டி வச்சிருக்குன்னு சொல்லு டீச்சர்" என்றார். நானும் ஊர்ப்பாசத்தோடு கொஞ்சம் கூடவே சேர்த்துச் சொன்னேன். இந்தத் தொழிலாளிகள் ஓட்டுப் போடுகிறார்களா என்று மேடம் கேட்டார். "இன்னாம்மா இப்டி கேக்கறாங்க. நானே லாரியில ஏத்திக்கினு போயி, ஓட்டு போட வச்சு, நானே திரும்ப ஏத்திக்கினு வந்துடுவேன்" என்றார் முதலாளி, மார்பைத் தொட்டுக்கொண்டு. அதையும் மொழிபெயர்த்தேன். மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பிறகு வேப்பமரத்தடியில் தொழிலாளிகளை உட்காரவைத்துக் கேள்விகள். மூன்றடி தள்ளி மேஸ்திரி நின்றுகொண்டு, குச்சியால் காது குடைந்துகொண்டிருந்தார். வாரம் ஒரு நாள் லீவு உண்டா, அடிக்கிறார்களா, தண்ணீர் இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு மாதிரி ஒரே குரலில் பதில் வந்தது. எங்கே 'ஆமா', எங்கே 'இல்ல' என்று மேஸ்திரி பாடம் நடத்தி வைத்திருந்தார். அப்போது மேடம் படிவத்தைப் பார்க்காமல், தானாக ஒரு கேள்வி கேட்டார். "டூ யூ வொர்க் ஹியர் ஃப்ரீலி?"

மனசார என்று சொல்லியிருக்கலாம், சுதந்திரமாக என்று சொல்லியிருக்கலாம், உங்க இஷ்டத்தோட என்று சொல்லியிருந்தால் குழந்தைக்கும் புரிந்திருக்கும். ஸ்போக்கன் இங்கிலீஷ் டீச்சரான என் வாயில் வந்தது இது: "நீங்கல்லாம் இங்க ஃப்ரீயா வேலை செய்றீங்களா?"

இந்தக் கேள்வி பாடத்தில் இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா மேஸ்திரியைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னார். "ஆமாம்மா. ஃப்ரீயாத்தான் செய்றோம். எங்க மாமியா வந்த நாள்லர்ந்தே ஃப்ரீதான்."

மேஸ்திரியின் காதில் குச்சி அப்படியே நின்றுவிட்டது. முகம் வெளுத்துப்போயிருந்தது. வெயில் என்று நினைத்தேன். மாமியார் காலத்திலிருந்தே இவர்கள் மனமுவந்து வேலை செய்வதாகச் சொல்கிறார்கள் மேடம் என்று, ஒரு இலக்கணப் பிழை இல்லாமல் இங்கிலீஷில் சொன்னேன். மேடத்தின் கண் கலங்கியதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் அதை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டதை நான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் மளிகைக் கடையில் டீத்தூள் வாங்கினேன். பாக்கெட்டோடு ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன் டேப் போட்டு ஒட்டியிருந்தது. ஸ்பூனுக்கு எவ்வளவு என்று கேட்டதற்குக் கடைக்காரர், "அது ஃப்ரீம்மா, அதுக்கு காசு இல்ல" என்றார். பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கல்லாவுக்கு எதிரில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் நின்றவர் இரண்டு தரம் இருமினார்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் இங்கிலீஷ் மானம் போய்விடும். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வெட்கத்தை விட மானம் பெரிதாக இருந்தது. அன்று வகுப்பில் ஒரு பெண், 'ஃப்ரீடம்' என்றால் என்ன டீச்சர் என்று கேட்டதற்கு, போய் டிக்‌ஷனரி பார் என்று எரிந்து விழுந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, அதே அக்கா இன்ஸ்டிட்யூட் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. வெளியே கழற்றி விடச் செருப்பு இல்லாததால் உள்ளே வரக் கூடாது என்று நினைத்துவிட்டார் போல. நான் போட்ட சட்டத்தின் லட்சணம் அப்படி. "இந்தாம்மா, இன்னா வேணும்?" என்றுதான் முதலில் கேட்டேன். அக்கா என்று அழைக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகு.

"ஒரு லீவு லெட்டரு அடிச்சுக் குடும்மா. அன்னிக்கு வந்துட்டு போனாங்களே அந்த அம்மா, அவங்க போனப்புறம் மொதலாளி போர்டு மாட்டிட்டாரு. லீவு வோணும்னா எயுதிக் குடுக்கணுமாம்."

"எதுக்கு லீவு?"

"மாசி மகத்துக்கு மாபலிபுரம் போவணும்மா. கடக்கரையில மணல்ல படி கட்டி எங்க கன்னியம்மாவ கும்புடுவோம். எங்க சனம் அல்லாம் அங்க வரும். அங்கதான் எங்க பொண்ணுக்கு கண்ணாலம்."

"போங்களேன். லீவு உண்டுன்னு மேடம்கிட்ட நீங்களே சொன்னீங்களே."

"லீவு உண்டும்மா. ஒத்தரு நிக்கணும்."

"எங்க நிக்கணும்?"

"மில்லுல. வூட்ல ஒத்தர நிறுத்திட்டு மீதி பேரு போலாம். திரும்பி வரணும் இல்ல, அதுக்காவ. போன வருசம் மகத்துக்கு நான் நின்னேன். அதுக்கு முன்ன வருசம் எங்க வூட்டுக்காரரு நின்னாரு. எங்க மாமனாரு செத்தப்ப காட்டுக்கு எடுத்துக்கினு போவசொல்ல எங்க கொயந்தனாரு நின்னாரு. பெத்த அப்பனுக்கு மண்ணு போடல அவரு."

இதையெல்லாம் புகார் சொல்கிற குரலில் சொல்லவில்லை. மழை வந்தால் நெல்லை வார வேண்டும் என்பது மாதிரி சொன்னார். மாமனார் எப்போதோ வாங்கிய அட்வான்ஸ் ஒன்று இருந்ததாம். அது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, கேட்டால் முதலாளிக்குக் கோபம் வரும். ரேஷன் கார்டும் அவரிடம்தான்.

"பொண்ண குடுக்கணும்னா பொண்ணு வூட்டு ஆளுங்க மொத்தமும் கரையில நிக்கணும்மா, அது எங்க வூட்டு வயக்கம். போன வருசமே முடிஞ்சிருக்க வேண்டியது. இந்த வருசமும் வரலன்னா வேற எடம் பாத்துக்கறோம்னு மாப்ள வூட்ல சொல்லிட்டாங்க. பதினோரு பேரு கீறோம். மவ கண்ணாலத்துக்கு யாரம்மா நிறுத்தறது? நீயே சொல்லு."

அந்த அக்கா கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரின் டவலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கு ஃப்ரீயான்னு கேட்டியே. நான் சொன்னத அந்த அம்மாகிட்ட அப்டியே சொன்னியா?"

"சொன்னேன்க்கா."

"அப்பறம் ஏம்மா ஒண்ணும் நடக்கல?"

என் வாழ்க்கையில் அத்தனை அழுத்தமாக யாரும் என் இங்கிலீஷைத் திருத்தியதில்லை. மேஸ்திரி மூன்றடியில் நிற்கும்போது, பாடத்தை மீறி, உண்மையைச் சொன்னவர் அவர். அதை நான் தேன் தடவிய பொய்யாக்கிக் கப்பல் ஏற்றிவிட்டிருந்தேன்.

லெட்டரை அடித்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு லீவ் லெட்டர் மாதிரிதான். மதிப்பிற்குரிய ஐயா, எனக்குக் கடும் காய்ச்சலாக இருப்பதால். அதில் காய்ச்சலை எடுத்துவிட்டுக் கல்யாணத்தைப் போட்டேன். இப்படிக்கு என்பதற்குக் கீழே பதினோரு பேர். அதில் ஆறு பேர், தன் பெயருக்கு எதிரில் கைநாட்டு வைக்கக்கூட உயரம் போதாத ஐந்து பிள்ளைகளும், எழுந்து நிற்கவே சிரமப்படுகிற மாமியாரும்.

மறுநாளே முதலாளி லெட்டரோடு மாடி ஏறி வந்தார். கோபம் இல்லை, சிரித்துக்கொண்டே வந்தார். "நல்லா அடிச்சிருக்க டீச்சர். எம்பொண்ணு இப்டி அடிச்சா பாஸ் ஆயிடுவா. நான் லீவு இல்லன்னு சொன்னேனா? ஒத்தர நிறுத்திட்டு போவச் சொல்லு."

"கல்யாணத்துக்கு எல்லாரும் போகணுமாம் அண்ணே."

"அல்லாரும் போனா நெல்லு யாரு அவிப்பா? இந்தா பாரு, நான் யாரையாவது கட்டி போட்டிருக்கேனா? கேட்டுக்கு பூட்டு கீதா? பொங்கலுக்கு துணி எடுத்துத் தரேன். புள்ளைக்கு காய்ச்சல்னா என் வண்டியிலதான் ஆஸ்பத்திரிக்கு போவுது."

சொன்னது அத்தனையும் நிஜம். கேட்டுக்குப் பூட்டு இல்லை. பத்துப் பேர் வெளியே போகும்போது உள்ளே ஒருவர் இருந்தால், பூட்டுக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. தன்னை நல்லவர் என்று அவர் நம்பினார், நானும் அதுவரை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அன்று அவர் மேல் வந்த கோபத்தில் பாதி என் மேல் வந்தது. அவர் போனதும் டைப்ரைட்டரில் கேரியேஜை இழுத்த இழுப்பில் மணி தெறித்துவிடும் போல இருந்தது.

மாசி மகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மேடம் மறுபடி வந்தார். கழிப்பறை கட்டியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டுமாம். என்னைப் பஸ் ஸ்டாண்டில் காரில் ஏற்றிக்கொண்டார். மில்லுக்குப் பத்து நிமிஷம். அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் ஃப்ரீ என்றால் காசு கொடுக்காதது மேடம். ஸ்பூன் மாதிரி.

"ஸ்பூன்?" என்றார் மேடம்.

"ஸ்பூன்" என்றேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மூன்று தலைமுறையாக மனமுவந்து வேலை செய்கிறார்கள் என்று தான் எழுதிய வரியை, வெளிநாட்டில் ஒரு மீட்டிங்கில் எழுந்து நின்று வாசித்தார்களாம். எல்லாரும் கை தட்டினார்களாம். அதைச் சொல்லிவிட்டு, அவரே தாங்க மாட்டாமல் சிரித்துவிட்டார். பிறகு ரொம்ப நேரம் சிரிக்கவில்லை.

ஒருத்தர் நிற்க வேண்டும் என்கிற விஷயத்தையும் சொன்னேன். மேடம் படிவத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். தொழிலாளர்கள் விரும்பும்போது வெளியே போகலாமா என்று ஒரு கேள்வி இருந்தது. போகலாம் மேடம், அதற்கு ஆமாம் என்றுதான் பதில் வரும் என்றேன். எல்லாரும் ஒரே நேரத்தில் போகலாமா என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமே இல்லை. அதை எழுதினவருக்கு, பதினோரு பேரில் ஒருவரை நிறுத்திக்கொள்கிற யோசனை தோன்றியிருக்காது.

"தமிழில் எப்படிக் கேட்பது?" என்றார். சொல்லிக்கொடுத்தேன். என் வகுப்பில் அத்தனை சிரத்தையான மாணவி வாய்த்ததில்லை. மில் கேட் வருகிற வரைக்கும், "யெல்லாரும் வொன்னா போகலாமா, யெல்லாரும் வொன்னா போகலாமா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

கழிப்பறை கட்டியிருந்தார்கள். உள்ளே புது பிளாஸ்டிக் மக், விலைச் சீட்டு கிழிக்காமல். மேடம் தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து பார்த்தார். வேப்பமரத்தடியில் தொழிலாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அக்கா இந்த முறை முன்வரிசையில் இல்லை. பின்னால் ஷெட் தூணுக்குப் பக்கத்தில், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மேடம் நேராக முதலாளியிடம் போய், என்னைப் பார்க்காமலேயே, தெளிவாகக் கேட்டார்.

"யெல்லாரும் வொன்னா போகலாமா?"

முதலாளியின் முகம் பூரித்துவிட்டது. டெல்லி மேடம் தமிழ் பேசியது ஒரு பூரிப்பு. மத்தியான நேரம் என்பதால், தன்னையும் சாப்பிடக் காஞ்சிபுரத்து ஓட்டலுக்குக் கூப்பிடுகிறார் என்று அவர் புரிந்துகொண்டது இன்னொரு பூரிப்பு. யார் போவது, எங்கே போவது என்று சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம், நம் மொழியில் அப்படி ஒரு வசதி உண்டு.

"போலாமே மேடம். தாராளமா போலாம். அல்லாரும் ஒண்ணாவே போலாம். கார்ல எடம் கீதா?"

கடைசிக் கேள்வியை நான் காதில் வாங்கவில்லை. வேப்பமரத்துப் பக்கம் திரும்பி, ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் சொன்னேன். "எல்லாரும் கேட்டுக்குங்க. மாசி மகத்துக்கு எல்லாரும் ஒண்ணா போலாம்னு முதலாளி சொல்லிட்டாரு. யாரும் நிக்க வேணாம்."

தொழிலாளிகள் எழுந்து நின்றுவிட்டார்கள். மேடம் முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். முதலாளி ஒரு கையை மேடத்திடம் கொடுத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம், "ஏ டீச்சர், நான் இன்னா சொன்னேன், நீ இன்னா சொல்ற?" என்றார்.

"இல்லன்னு சொல்லிடட்டுமா அண்ணே? மேடம் எழுதப்போறாங்க. ஏன் போகக் கூடாதுன்னு கேப்பாங்க. நீங்க சொன்னா நான் அப்படியே இங்கிலீஷ்ல சொல்லிடறேன். இந்த வாட்டி ஒரு தப்பும் வராது."

முதலாளி வேப்பமரத்தைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். மேடம் என்னிடம் இங்கிலீஷில், அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள் என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

"ரேஷன் கார்டெல்லாம் அவங்கவங்க கையில இருக்கணுமாம் அண்ணே. இன்னிக்கே. கார்டு உங்க பெட்டியில இருந்தா அரிசி கப்பல் ஏறாதாம்."

இப்படி மொழிபெயர்த்ததில் எனக்கு இன்றுவரை கடுகளவும் வருத்தம் இல்லை. ஒழுங்காக மொழிபெயர்க்கிறோம் என்று நினைத்தபோது செய்த பாவத்துக்கு, தெரிந்தே தப்பாக மொழிபெயர்த்துக் கொஞ்சம் கழித்துக்கொண்டேன். மேஸ்திரி ஆபீஸ் ரூமிலிருந்து தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதலாளி கலவரத்தில் எதையும் பிரித்துப் பார்க்காமல், நாலு குடும்பத்துக் கார்டுகளையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். என்ன நடக்கிறது என்று மேடம் கேட்டார். அவராகவே கார்டைத் திருப்பிக் கொடுக்கிறார் மேடம் என்றேன். மேடம் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதை எழுதிக்கொண்டார், ஆனால் அடிக்கோடு போடவில்லை.

அவர் என்ன எழுதினாரோ, அதற்கப்புறம் வருவாய்த் துறை ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஜீப் மில்லுக்கு வந்தது. பழைய அட்வான்ஸ் எதுவும் செல்லாது என்று குடும்பத்துக்கு ஒரு காகிதம் கொடுத்தார்கள். நாலில் மூன்று குடும்பம் சம்பளம் பேசிக்கொண்டு மில்லிலேயே இருந்தது. இந்த அக்காவின் குடும்பம் கடற்கரைக்குப் போனது போனதுதான், செங்கல்பட்டுப் பக்கம் கழனி வேலைக்குப் போய்விட்டது. முதலாளி தன் மகளை என்னிடமிருந்து நிறுத்தி வேறு இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்தார். அங்கே அவள் முதல் தடவையே பாஸானாள்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. மகத்துக்கு முந்தின நாள் காலை, வழியனுப்புவதற்காக ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மற்ற மூன்று குடும்பமும் முந்தின பஸ்ஸிலேயே போய்விட்டிருந்தது. செங்கல்பட்டு பஸ் புறப்படத் தயாராக நின்றது. மூட்டைகள், அலுமினிய குண்டான், கூடையில் ஒரு கோழி. பிள்ளைகள் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். மாமியாரை இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். கொழுந்தனார் தலையை எண்ணெய் போட்டு வழித்து வாரியிருந்தார். கல்யாணப் பெண்ணுக்கு வளையலை நானே போட்டுவிட்டேன். ஒன்று உடைந்தது, அவள் சிரித்தாள்.

அந்த அக்கா மட்டும் ஏறவில்லை. ஏறுவார், சீட் சீட்டாக எண்ணுவார், இறங்கிவிடுவார். ரோட்டில் நின்று மில் இருக்கிற திக்கைப் பார்ப்பார். மறுபடி ஏறுவார். கண்டக்டர், "ஏறும்மா, டைம் ஆவுது" என்று இரண்டு தரம் விசில் அடித்துவிட்டார்.

"என்னக்கா, யாராவது வரணுமா?"

"இல்லம்மா. பதினொண்ணும் கீது." விரலை மடக்கி எனக்கு எண்ணிக் காட்டினார். மாமியார், வீட்டுக்காரர், கொழுந்தனார் குடும்பத்தில் ஐந்து பேர், தன் பிள்ளைகள் மூன்று, கடைசியாகத் தன் மார்பைத் தொட்டுப் பதினொன்று. சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் முகம் தெளியவில்லை.

"அப்ப மில்லுல யாரும்மா கீறா?" என்றார்.

"யாரும் இல்லக்கா."

"இல்லம்மா, யாரோ ஒத்தரு இருப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் படியில் ஏறி நின்று, முதல் சீட்டிலிருந்து திரும்பவும் எண்ண ஆரம்பித்தார்.